வெள்ளிக்கிழமை மாத்திரை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் வில்லிவாக்கத்தில் வசிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு முறை நீட் தேர்வு எழுதியும் இடம் கிடைக்கவில்லை. இப்போது பிரிட்டனில் எம்.பார்ம் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மூன்று வாரத்தில் இணையவழி நேர்காணல். ஓர் ஆலோசனை மையத்தில் நாற்பது கேள்விகளையும் மாதிரி விடைகளையும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ‘ஏன் பார்மசி படிக்க விரும்புகிறீர்கள்’ என்ற கேள்விக்குரிய விடை மட்டும் என் வாயில் வர மறுக்கிறது. நீட் எழுதியதைச் சொல்லலாமா, மறைக்கலாமா? என் ஆங்கில உச்சரிப்பு தடையாகுமா? பாட்டிக்குச் சர்க்கரை, தைராய்டு, கால்சியம் என்று ஏழு மாத்திரைகளை வேளைக்கு எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு என்பதால் பயிற்சிக்கும் போதிய நேரம் இல்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நேர்காணல்களுக்கு வழிகாட்டும் தகுதி எனக்கு இல்லை என்பதால் இத்தகைய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், மறைந்துபோன என் அத்தையின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய ரேஷன் அட்டைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த மருந்துக்கடைக் காகித உறை ஒன்று கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நிதானமாகப் பேசினால் போதும். நீட் எழுதியதை மறைக்க வேண்டாம். கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எம்.பார்ம் என்றதும் உங்கள் உறவினர்கள் மேற்படிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே அது நான்கு ஆண்டு முதல் பட்டம் என்பதையும், அதற்குப் பின் ஓராண்டுப் பயிற்சியும் பதிவுத் தேர்வும் முடித்த பிறகுதான் மருந்தாளுநர் ஆக முடியும் என்பதையும் அவர்களுக்கு நீங்களே விளக்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் அந்த நாற்பது விடைகளின் மேல்தான். ‘சிறு வயது முதலே மனித குலத்துக்குச் சேவை செய்யும் தணியாத ஆர்வம்’ என்று அதில் எங்காவது இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பி.பார்ம் இடம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் கலந்தாய்வையும் வைத்தே கிடைத்துவிடுவதால், ஒருவர் எதிரே உட்கார்ந்து ‘உனக்கு எதற்கு இந்தப் படிப்பு’ என்று கேட்பதே நமக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லாத எதையும் உருப்போட்டுக் கடந்துவிடலாம் என்று நம்புகிறோம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் இன்று பின்பற்றுவது, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவ மாணவர்களைத் தேர்ந்தெடுக்க உருவாக்கப்பட்ட முறை. ஒரே நீண்ட நேர்காணலுக்குப் பதிலாகச் சில நிமிடங்களே நீளும் பல சிறு சந்திப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் வேறொரு தேர்வாளர், வேறொரு சூழ்நிலை. ஒன்றில் கணக்கு வரலாம்: 16 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் கொடுக்க வேண்டுமானால், 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் எவ்வளவு, 250 உள்ளதில் எவ்வளவு என்பது போல. (முன்னதில் 10 மில்லி, பின்னதில் 4.8. இரண்டு சிரப்புகளும் நம் கடைகளில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. இரண்டையும் ‘ஒரு ஸ்பூன் குடுங்க’ என்றே சொல்லி அனுப்புகிறார்கள்.) மற்றொன்றில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், அவருக்கு நீங்கள் மருந்தை விளக்க வேண்டியிருக்கும். அவர் உங்கள் தாளில் இல்லாத ஒன்றைத்தான் சொல்வார். உங்களுக்கு நடக்கப்போவது எந்த முறை என்பது அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலிலேயே இருக்கும், அதைப் படித்தீர்களா?

அந்த உறைக்கு வருகிறேன். 2014-இல் அத்தைக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, துவைத்த புடவையைப் பிழியக்கூட முடியாமல் இருந்தவருக்கு மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். சீட்டை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்குப் போனவன் நான். கல்லாவுக்குப் பின்னால் சட்டகத்துக்குள் மருந்தாளுநர் சான்றிதழ் தொங்கியது. சான்றிதழுக்கு உரியவர் கடையில் இல்லை. பத்து மாத்திரை கொண்ட ஒரு பட்டையை எடுத்து உறையில் போட்ட பையன், காதில் செருகியிருந்த பேனாவால் உறையின் மேல் 0-0-1 என்று எழுதினான்; காலையும் மதியமும் இல்லை, தினமும் இரவு ஒன்று என்று பொருள். வாரத்துக்கு ஒரு முறை என்று மருத்துவர் சீட்டில் எழுதித்தான் இருந்தார், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தது போல. பையன் அதைப் படிக்கவில்லை. எம்.ஏ. படித்த நானும் படிக்கவில்லை.

எட்டாம் நாள் இரவு அத்தையால் ரசம் சாதத்தை விழுங்க முடியவில்லை. வாய் முழுக்கப் புண். மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டே மாத்திரைகள் மிச்சமிருந்தன. எட்டு வாரத்துக்குரியதை அத்தை எட்டு நாளில் விழுங்கியிருந்தார். உடம்பு ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் வழியை அடைக்கும் மருந்து அது. பெரிய அளவில் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அது முதலில் தாக்கும் என்பதால் வாயின் உட்தோல் வெந்துபோயிற்று, எலும்பு மஜ்ஜை சோர்ந்து இரத்த அணுக்கள் குறைந்துபோயின. அதை முறிக்கும் மருந்தாக ஃபோலினிக் அமில ஊசி போட்டு, பன்னிரண்டு நாள் படுக்க வைத்துக் காப்பாற்றினார்கள்.

மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு எவரும் கொடுக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. கொடுப்பவர் நோயாளிக்கு ஆலோசனையும் சொல்ல வேண்டும் என்று 2015-இல் விதிமுறைகள் வந்தன. கேட்டால் வாடிக்கையாளருக்கு நேரமில்லை என்பார்கள். எத்தனை நேரம் ஆகும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பும் அன்று மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் சன்னலில் ஓர் அம்மாள் இருந்தார்; எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் அத்தையிடம் கேட்டார்:

“எந்தக் கிழமை உங்களுக்கு மறக்கவே மறக்காது?”

“வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்ச்சுத் தலைக்குக் குளிப்பேன்.”

“அப்ப இது வெள்ளிக்கிழமை ராத்திரி. இந்த இன்னொரு மஞ்சள் மாத்திரை செவ்வாய்க்கிழமை. மத்த நாள்ல ரெண்டையும் தொடவே கூடாது. இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க.”

அத்தை மாற்றிச் சொன்னார். அந்த அம்மாள் கோபப்படவில்லை, திருத்தவும் இல்லை. மெத்தோட்ரெக்சேட், அதற்குத் துணையான ஃபோலிக் அமிலம் ஆகிய இரண்டு பட்டைகளையும் மறுபடி அத்தையின் கையிலேயே கொடுத்து, ‘இன்னொரு தரம்’ என்றார். இரண்டாம் முறை சரியாக வந்ததும், நாங்கள் கொண்டுபோயிருந்த பழைய உறையை வாங்கி, 0-0-1 என்பதன் மேல் இரண்டு கோடு கிழித்து, ‘வெள்ளி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மெத்தோட்ரெக்சேட்டை எந்தக் கிழமை போடுவது என்பதை நோயாளியோடு பேசி முடிவுசெய்து, அந்தக் கிழமையின் பெயரைச் சீட்டில் முழுதாக எழுத வேண்டும் என்று, நீங்கள் போகவிருக்கும் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது 2020-இல். எங்கள் அம்மாள் ஆறு ஆண்டுகள் முந்திக்கொண்டார்.

உங்கள் கேள்வியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். ஏன் பார்மசி என்பதுதானே? அந்தக் கேள்விக்கு விடை வாயில் வர மறுக்கிறது என்று எழுதிய அதே கடிதத்தில், கடைசிக்கு முந்தைய வரியில், ஏழு மாத்திரைகளை வேளைக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பயிற்சிக்கு இடைஞ்சல் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்த வரியைப் படித்தபோது உங்களைக் கூப்பிட்டுத் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருந்தது; அடுத்த கணமே, நீட்டுக்காக இரண்டு ஆண்டு உட்கார்ந்து படித்துக்கொண்டே பாட்டியின் வேளைகளையும் தவறவிடாத பெண்ணாயிற்றே என்று மனம் இளகியும் போயிற்று.

அந்த நாற்பது விடைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். இன்று இரவே பாட்டியின் மாத்திரை டப்பாவோடு அவர் எதிரே உட்காருங்கள். ஒவ்வொரு பட்டையாக எடுத்து, இது எதற்கு, எப்போது, ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது என்று சொல்லுங்கள். பிறகு அவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் எந்த இடத்தில் மாற்றிச் சொல்கிறாரோ அந்த இடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தெரியாதது வந்தால் ஊகித்துச் சொல்லாமல், அவருடைய மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு எழுதுங்கள். அதன் பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

முடிந்தால் எனக்கும் ஒன்று எழுதுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் காபிக்கும் இடையே அரை மணி நேரமாவது வேண்டும், கால்சியத்தை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. காலை ஐந்தரைக்கே டிகாக்ஷன் இறக்கிவிடும் ஒரு பாட்டியை அதற்கு எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.