அலர்ஜியால் மூக்கடைத்த பையன் ஏன் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறான்?

ஆறு வயதுப் பையன், வருஷம் முழுக்கத் தூசி அலர்ஜி, வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான், ஒரு தட்டுச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, வாய்க்கு வாய் தண்ணீர் கேட்கிறான், அடிக்கடி புரையேறுகிறது, இது பிடிவாதமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிவாதமாக இருக்க வாய்ப்புக் குறைவு. மூச்சு விடுவதும் மெல்லுவதும் ஒரே வாய்க்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

உதட்டை மூடி மெல்லும்போது மூச்சு மூக்கு வழியாகத் தடையில்லாமல் ஓடும். விழுங்கும் கணத்தில் மட்டும், ஏறக்குறைய அரை முதல் ஒரு நொடி, மூச்சு நின்று குரல்வளை மூடிக்கொள்ளும். பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போதுதான் விழுங்குகிறோம். விழுங்கியபின் மிச்ச மூச்சும் வெளியேதான் வரும். தொண்டையில் ஒரு பருக்கை தங்கியிருந்தாலும் அது உள்ளே இழுபடாமல் இருப்பது இதனால்தான். மூக்கடைத்த பிள்ளைக்கு இந்த வரிசை குலைகிறது. கொஞ்சம் மென்றதும் மூச்சுக்கு வாயைத் திறந்தாக வேண்டும். அதற்கு இரண்டே வழி: கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்குவது, அல்லது அரைகுறையாக மென்று தண்ணீர் விட்டுத் தள்ளுவது. விழுங்கிய கையோடு அவசரமாக வாயால் காற்றை இழுக்கும்போது புரையேறுகிறது. கூடவே காற்றையும் விழுங்குவதால் பாதிச் சாப்பாட்டில் வயிறு உப்பி ஏப்பம் வரும். மூக்கடைத்த நிலையில் விழுங்கினால் நடுச்செவியில் அழுத்தம் மாறும். சாப்பிடும்போது "காது அடைக்குது" என்று அவன் சொன்னால் அது சாக்கு இல்லை.

வாய்வழி மூச்சால் எச்சிலும் உலர்கிறது. எச்சில் இல்லாமல் சப்பாத்தியோ பொரியலோ உருண்டையாகத் திரளாது, உதிரியாகவே கிடக்கும். உணவின் மணம் தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறினால்தான் ருசி முழுமையாகத் தெரியும். மூக்கடைத்தவனுக்குச் சாம்பார் வெறும் உப்பும் புளிப்பும்தான்.

இது வருஷக்கணக்கில் நீடித்தால் பல்வரிசையும் மாறலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டியது, காற்றுக்கு வழிவிட்டுக் கீழே கிடக்கிறது. அண்ணம் குறுகி உயர்கிறது. மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்காரலாம்; பல்லைக் கடித்தாலும் முன்பற்களுக்கு நடுவே சந்து விழலாம். அப்புறம் மூக்கு திறந்தாலும் அரைக்கும் பரப்பு குறைவுதான்.

வீட்டில் பார்க்க எளிய சோதனை: ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் உதட்டை மூடி வைத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிஷம் திணறாமல் இருந்தால் மூக்கு வேலை செய்கிறது, திறந்த வாய் பழக்கமாக இருக்கலாம். அரை நிமிஷத்தில் துப்பினால் அடைப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கால்மணி நேரம் முன்பு உப்புநீர் ஸ்ப்ரே அடித்து மூக்கைச் சிந்தவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைப்பதே போதும். வீட்டில் கலப்பதானால் கொதித்து ஆறிய நீர் 240 மில்லிக்கு அயோடின் கலக்காத உப்பு சுமார் 2 கிராம், அதாவது டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. குழாய் நீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் நுழைகிறது. மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதியிருந்தால், வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். பலர் நாலாம் நாளே "கேட்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். உடனே திறக்கும் சைலோமெட்டாசொலின் போன்ற சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். ஐந்து நாளுக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து கலந்த சளி சிரப் வாயை இன்னும் உலர்த்தும். பாலும் தயிரும் சளியைக் கூட்டும் என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. பால் எச்சிலோடு கலந்து கெட்டியாகத் தோன்றுகிறதே தவிர, சளியை அதிகமாக்குவதில்லை.

சாப்பாட்டில் எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று: மெல்வதற்குத் திணறுகிறானே என்று மசித்த ரசம் சாதத்திலேயே வருஷத்தை ஓட்டிவிடுவது. மூக்கு திறந்த பிறகும் மெல்லும் பழக்கம் வராமல் போகும். கவளத்தைச் சிறிதாக்குங்கள், குழம்பு தாராளமாக விட்டு ஈரமாக்குங்கள். ஆனால் மெல்ல ஏதாவது இருக்கட்டும், வெந்த கேரட் துண்டு, இட்லி, ஓரம் மெத்தென்ற தோசை. தண்ணீர் வாய் காலியான பிறகு மட்டும். கால் தொங்காமல் உட்கார வையுங்கள், ஓடும்போது ஊட்டாதீர்கள். முழு வேர்க்கடலை, உருண்டை மிட்டாய் வேண்டாம். நாக்குப் பயிற்சியெல்லாம் மூக்கு திறந்த பிறகுதான். அடைத்த மூக்கோடு, வாய் திறக்காமலிருக்க உதட்டில் டேப் ஒட்டுவது ஆபத்து.

குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று முதல் ஏழு வயதில் அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் இருக்கும் சதை, பெரிதாக இருக்கும். அலர்ஜியும் அதுவும் சேர்ந்தே அடைக்கலாம். ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் உள்ளே புளியங்கொட்டையோ மணியோ சிக்கியிருக்கலாம். மூக்கு நன்றாகத் திறந்த நாளிலும் இறைச்சியோ ரொட்டியோ நெஞ்சில் சிக்குகிறது என்றால் அது வேறு விஷயம்: அலர்ஜி உள்ளவர்களுக்கு உணவுக்குழாயிலும் ஒவ்வாமை அழற்சி வருவதுண்டு. அதைக் குடல் இரைப்பை மருத்துவர் எண்டோஸ்கோப்பியில் திசு எடுத்துப் பார்த்தே உறுதி செய்வார்.