பழைய டாட்சன் 280இஸட் பெட்ரோல் ஹோஸ் மாத்துறது: கேள்வி பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல ஃபியூயல் ஹோஸ் மாத்துறத பத்தி கேளுங்கன்னு சொன்னதும் நிறைய பேர் அனுப்பிட்டீங்க, எல்லாத்துக்கும் ஒரே அளவு பதில் எழுத முடியல. எனக்கு நல்லா தெரிஞ்சது டாட்சன் 280இஸட், அதாவது 1975ல இருந்து 1978 வரைக்கும் வட அமெரிக்காவுல வித்த, பாஷ் கம்பெனியோட எல்-ஜெட்ரானிக்ங்கிற எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வச்ச வண்டி. போர்ஷே 914லயும் கொஞ்சம் வேலை பாத்திருக்கேன். மத்த வண்டிக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி (சான் ஹோஸே): அண்ணா, 76 மாடல் 280 வாங்கியிருக்கேன். ஹோஸ் எல்லாம் பாக்க நல்லாதான் இருக்கு, கசிவு எதுவும் இல்ல. இருந்தும் மாத்தணுமா?

மாத்துங்க தம்பி. முதல் வேலையா மாத்துங்க, பெயின்ட் சீட் எல்லாம் அப்புறம்.

ஏன்னு சொல்றேன். இந்த இன்ஜின்ல இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டும் ஹெட்டோட ஒரே பக்கம் இருக்கு. மேல பெட்ரோல பீச்சுற ஆறு இன்ஜெக்டர், அதுக்கு நேர் கீழ கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், நடுவுல ஒரு தகரம் அவ்வளவுதான். இதே குடும்பத்துல கார்புரேட்டர் வச்ச 240இஸட்ல பெட்ரோல் அழுத்தம் 3, 4 பிஎஸ்ஐதான் (ஒரு சதுர இன்ச்சுக்கு எத்தனை பவுண்ட் அழுத்தம்ங்கிற கணக்கு), அதுல ஹோஸ் வெடிச்சா சொட்டும், வாடை வரும், நமக்கு தெரிஞ்சிடும். 280ல ரெயில்ல, அதாவது ஆறு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் குடுக்கிற பைப்புல, அழுத்தம் 36 பிஎஸ்ஐ கிட்ட. அதுல ஒரு ஊசி அளவு ஓட்டை விழுந்தா சொட்டாது, பனி மாதிரி பீச்சி அடிக்கும், அடிக்கிற இடம் நேரா எக்ஸாஸ்ட் மேல. வாடை தெரிஞ்சு ஓரமா நிறுத்துறதுக்குள்ள பானெட் பெயின்ட் கருகிடும்.

பாக்க நல்லா இருக்குங்கிறதுல அர்த்தமே இல்ல. ரப்பர் உள்பக்கமா இத்துப்போகும். அந்தக் காலத்து ஹோஸ் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு செஞ்சது, இப்ப அமெரிக்காவுல பங்க்ல ஊத்துறது பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர்ல இருக்கிற மென்மைய எடுத்துடும், வண்டிய மாசக்கணக்குல நிறுத்தி வச்சா காய்ஞ்சு இன்னும் விறைக்கும். கையால வளைச்சு பாத்தா மேல மெல்லிசா வெடிப்பு தெரிஞ்சா போச்சு, தெரியலன்னாலும் நல்லா இருக்குன்னு அர்த்தம் கிடையாது.

மாத்துறதுன்னா எல்லாத்தையும் ஒரே நேரத்துல. டேங்க்ல இருந்து பம்புக்கு போறது, பம்புக்கும் அதோட துடிப்ப அடக்குற டேம்பருக்கும் நடுவுல, பின்னாடி இரும்பு பைப்புல சேர்றது, முன்னாடி ஃபில்டருக்கு முன்னயும் பின்னயும், ரெயில், ஆறு இன்ஜெக்டர், குளிர்ல ஸ்டார்ட் ஆக கூடுதல் பெட்ரோல் விடுற கோல்ட் ஸ்டார்ட் வால்வு, அழுத்தத்த சரியா வைக்கிற ரெகுலேட்டர், திரும்பி போற ரிட்டர்ன் லைன். முன்னாடி மட்டும் மாத்திட்டு பின்னாடி இருக்கிறத மறந்துடுறாங்க, அது சக்கரத்து பக்கத்துல தண்ணியும் சேறும் பட்டு இன்னும் மோசமா இருக்கும்.

வேலை ஆரம்பிக்கும்போது கைக்கு எட்டுற தூரத்துல தீயணைப்பான். கராஜ்ல வாட்டர் ஹீட்டர் இருந்தா அங்க வச்சு செய்யவே செய்யாதீங்க, அதோட பைலட் சுடருக்கு பெட்ரோல் ஆவி எட்டினா போதும்.

கேள்வி (ஹூஸ்டன்): பார்ட்ஸ் கடையில ஃபியூயல் ஹோஸ்னு கேட்டா ஆர்7னு போட்டது குடுத்தான், 50 பிஎஸ்ஐ தாங்கும்னு சொல்றான், நம்ம வண்டி 36தானே, போதாதா?

போதாது. திருப்பி குடுத்துட்டு வாங்க. ஹோஸ் மேலயே அச்சடிச்சிருக்கும், எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு தரக் குறி இருக்கணும். ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கும் ஆவி லைனுக்கும். 50னு எழுதியிருக்கிறது புது ஹோஸோட கணக்கு, இன்ஜின் சூட்டுல அஞ்சு வருஷம் வெந்த ஹோஸோட கணக்கு இல்ல. ஆர்9 100 பிஎஸ்ஐக்கு செஞ்சது, உள்ள எத்தனாலுக்கு தாக்குப்பிடிக்கிற ஃப்ளோரோ ரப்பர் லைனிங் இருக்கும். ரெண்டுக்கும் விலை வித்தியாசம் ரெண்டு பேர் ஹோட்டல்ல சாப்பிடுற காசு.

அளவு, போற லைன் 5/16 இன்ச், ரிட்டர்ன் 1/4 இன்ச். ஆனா இத்தனை வருஷத்துல யாராவது பைப்ப மாத்தியிருக்கலாம், கழட்டி அளந்துட்டு வாங்குங்க. ரிட்டர்ன்ல அழுத்தம் கம்மின்னு அங்க மட்டும் ஆர்7 போடாதீங்க, அதுவும் அதே சூட்டுலதான் ஓடுது.

கேள்வி (அட்லான்டா): 240இஸட், எஸ்யூ டைப் கார்புரேட்டர். இதே ஹோஸ்தானா?

ஆர்9 போட்டா தப்பில்ல, தாராளமா போடுங்க. கார்புரேட்டர் வேற பாடம், அது தெரிஞ்சவங்க கிட்ட கேளுங்க.

கேள்வி (சிகாகோ): பழைய கிளாம்ப்பையே திரும்ப போடலாமா?

வேண்டாம். அதுவும் பட்டையில வரிசையா ஓட்டை போட்டு ஸ்க்ரூ பிடிக்கிற கிளாம்ப்ப இங்க போடவே கூடாது, இறுக்க இறுக்க ரப்பர் அந்த ஓட்டைக்குள்ள பிதுங்கி வெட்டிடும். பட்டை வழுவழுப்பா, ஓரம் மேல மடிச்சு விட்ட ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்னு தனியா விக்குது, அதுதான். ஹோஸ் வெளி விட்டத்துக்கு சரியான சைஸ் எடுங்க, பெரிசா எடுத்தா வட்டமா பிடிக்காது.

கேள்வி (சியாட்டில்): இன்ஜெக்டர்ல இருந்து பழைய ஹோஸ் வரவே மாட்டேங்குது. கத்தியால அறுக்கலாமா?

நல்ல கேள்வி, இங்கதான் நிறைய இன்ஜெக்டர் வீணாகுது. கத்தி போட்டா கீழ இருக்கிற முள் மாதிரி வரிவரியான முனையில கீறல் விழும், அப்புறம் எவ்வளவு நல்ல ஹோஸ் போட்டாலும் அந்த கீறல் வழியா கசியும்.

நிஸ்ஸான் மேனுவல்லயே வழி இருக்கு. 150 வாட் சால்டரிங் அயர்ன் வச்சு ஹோஸோட நீளவாக்குல, உள்ள இருக்கிற நூல் பின்னல் வரைக்கும் சுட்டு கோடு போடணும், உலோகத்த தொடக்கூடாது. அப்புறம் கையாலயே பிரிச்சு இழுத்தா வந்துடும். இன்ஜெக்டர வைஸ்ல மாட்டாதீங்க, உள்ள கோணிக்கும். இத வண்டியில இருந்து இன்ஜெக்டர வெளிய எடுத்து, பெட்ரோல் சுத்தமா வடிஞ்சு காய்ஞ்ச பிறகு, திறந்த வெளியில மட்டும் செய்யுங்க. பெட்ரோல் இருக்கிற இன்ஜெக்டர் மேல சூடான அயர்ன் வைக்கிறது என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. தீயணைப்பான் பக்கத்துல.

எடுத்ததும் எடுத்தீங்க, இன்ஜெக்டர் அடி சீலையும் மாத்திடுங்க. அது கல்லு மாதிரி ஆகியிருக்கும், அது வழியா காத்து உறிஞ்சி ஐடில் ஆடும். புது ஹோஸ் போடும்போது முனையில ஒரு துளி பெட்ரோல் தடவி கையாலயே கடைசி வரைக்கும் தள்ளுங்க. இன்ஜெக்டர் முனையில கிளாம்ப் தேவையில்லன்னு மேனுவல் சொல்லுது.

பிலடெல்பியா அண்ணன்: இத எழுதி ஜனங்கள ஆபத்துல விடாதீங்க. 36 பிஎஸ்ஐ லைன்ல கிளாம்ப் இல்லாம விடலாமா? நான் கை வச்ச ஒவ்வொரு வண்டியிலயும் ரெண்டு பக்கமும் கிளாம்ப்தான்.

அண்ணே, அந்த முனை எதுக்காக அப்படி கூரா இருக்குன்னு பாருங்க. ஃபேக்டரி ஹோஸோட உள் விட்டம் அந்த வரிகள விட சின்னது, தள்ளி ஏத்தினா தானா கவ்விக்கும், வெளிய ஒரு உலோக கப்பும் இருக்கு. அதுக்கு மேல ஸ்க்ரூ கிளாம்ப் போட்டு முறுக்கினா அந்த கூர்முனையே உள் லைனிங்க அறுக்குது. அப்படி அறுபட்ட ஹோஸ கழட்டி எடுத்து பாத்திருக்கேன், வெளிய ஒண்ணுமே தெரியல.

பிலடெல்பியா அண்ணன்: நீங்க சொல்றது ஃபேக்டரி ஹோஸுக்கு. ஆளுங்க வாங்குறது கடையில அடி கணக்குல வெட்டி குடுக்கிற 5/16 ஆர்9. அது அவ்வளவு இறுக்கமா ஏறாது.

இதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு, அதனால பிரிச்சே சொல்லிடுறேன். இன்ஜெக்டருக்குன்னே வர்ற, கையால ஏத்த கஷ்டப்படுற ஹோஸ்னா கிளாம்ப் வேண்டாம். கடையில வெட்டின ஆர்9 போடுறவங்க ரெண்டு முனையிலயும் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் போடுங்க, ஹோஸ் திரும்பாத அளவுக்கு பிடிச்சா போதும், ரப்பர் பிதுங்குற வரைக்கும் முறுக்காதீங்க.

கேள்வி (டல்லஸ்): நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நான் கிளாம்ப் இல்லாம போட்டு பல வருஷம் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல. அப்ப பிலடெல்பியா அண்ணன் சொல்றது அதிகப்படிதானே?

இல்ல. என்ன ஹோஸ் போட்டீங்கன்னு சொல்லாம ஒண்ணும் ஆகலன்னு சொன்னா அத நம்பி இன்னொருத்தர் கடை ஹோஸ கிளாம்ப் இல்லாம மாட்டிடுவார். இந்த சண்டையே வேண்டாம்னா ஒரு வழி இருக்கு, ஓ-ரிங் வச்ச புது மாடல் இன்ஜெக்டரும் அதுக்கேத்த ரெயிலும் போட்டா அந்த ஆறு ரப்பர் துண்டே கிடையாது. ரெயில ரெண்டு முனையிலயும் நல்லா பிடிச்சு நிறுத்தணும், இல்லன்னா அழுத்தத்துல ரெயில் இன்ஜெக்டர விட்டு மேல எழும்பிடும்.

பிலடெல்பியா அண்ணன்: ஓ-ரிங் ரெயில்தான் சரி. அதுல நானும் ஒத்துக்கிறேன்.

சந்தோஷம். அடுத்த கேள்விக்கு போவோம்.

கேள்வி (நியூ ஜெர்சி): என் 78ல ஹோஸ் பாக்க புதுசு மாதிரி இருக்கு, மாத்தணுமா?

முதல் பதிலப் படிங்க. மாத்தணும்.

கேள்வி (டொராண்டோ): அண்ணை, என்ர 77க்குள்ள இருந்தா ஒரே பெற்றோல் மணம். இஞ்சின் பக்கம் ஒண்டும் கசியேல்ல. எங்கை பாக்கிறது?

தம்பி, பின்னாடி பாருங்க. டேங்க் வாய்க்குழாய்ல இருந்து டேங்குக்கு போற தடிச்ச ஹோஸ், அதோட வலது பக்க உள் பேனலுக்கு பின்னாடி ஒரு சின்ன ஆவி டேங்க் ஒளிஞ்சிருக்கும், அதுல பல சின்ன ஹோஸ் சேரும். அந்த பிளாஸ்டிக் பேனல கழட்டினாதான் தெரியும், அதனாலேயே யாரும் தொடுறதில்ல. நிறைய பேர் டேங்க் ஓட்டைன்னு நினைச்சு டேங்க்க இறக்குறாங்க, குத்தம் அந்த ஹோஸ்ல இருக்கும். அதெல்லாம் புதுசா போட்டும் ஓடும்போது மட்டும் மணம் வந்தா பின் கதவு ரப்பர் பாருங்க, எக்ஸாஸ்ட் புகைய உள்ள இழுக்குது. அது வெறும் மணம் இல்ல, கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும், அலட்சியமா விடாதீங்க.

கேள்வி (போர்ட்லாண்ட்): போர்ஷே 914, 1.7 இன்ஜின். இதே முறைதானா?

ஹோஸ் தரம் பத்தி சொன்னது எல்லாம் பொருந்தும், ஆனா உள் விட்டம் மெட்ரிக், அமெரிக்க இன்ச் ஹோஸ் சரியா கவ்வாது, ஜெர்மன் டிஐஎன் தர ஹோஸ் வாங்குங்க. துணி பின்னல் போட்டதுன்னா உள்ள ரப்பர் வெடிச்சாலும் பின்னல் மறைச்சிடும், அதுக்கு வயசு பாத்துதான் மாத்தணும். முக்கியமா, நடு டனல்ல போற பிளாஸ்டிக் பைப்ப மறக்காதீங்க, அது இப்ப உடையிற பதத்துல இருக்கும், ஸ்டெயின்லெஸ் பைப் செட் விக்குது. அப்புறம் பேட்டரி இன்ஜின் அறையில இருக்கு, ஆசிட் ஒழுகி கீழ இருக்கிற லைன் மேல படும். பேட்டரி தட்ட கழட்டி அதுக்கு கீழ இருக்கிறத கண்ணால பாருங்க.

கேள்வி (பாஸ்டன்): கே-ஜெட்ரானிக் வச்ச போர்ஷே 911ல இந்த ஆர்9 போடலாமா?

கூடாது. அது பாஷோட வேற வகை, 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ கிட்ட ஓடுற சிஸ்டம், உலோக இணைப்பு போட்டு அமுக்கின லைன்தான். கிளாம்ப் வச்ச ரப்பர் அங்க வேலைக்கு ஆகாது.

கேள்வி (கோயம்புத்தூர்): மாருதி 800 எம்பிஎஃப்ஐ, இப்ப இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் கிடைக்குது. ஹோஸ் மாத்தணுமா?

இ20ல பழைய ரப்பருக்கு பாடு அதிகம், அது உண்மை. உங்க மாடலுக்கான பார்ட் நம்பர் மாருதி பார்ட்ஸ் கடையில கேளுங்க, நான் அந்த வண்டியில வேலை செஞ்சதில்ல.

கேள்வி (டென்வர்): கழட்டுறதுக்கு முன்ன அழுத்தத்த எப்படி எடுக்கிறது? ராத்திரி முழுக்க நிறுத்தினா போதுமா?

போதாது, நல்ல சிஸ்டம் மணிக்கணக்குல அழுத்தத்த பிடிச்சு வச்சிருக்கும். பேட்டரி நெகட்டிவ்வ கழட்டுங்க, கோல்ட் ஸ்டார்ட் வால்வோட கனெக்டர எடுத்துட்டு அதோட ரெண்டு பின்னுக்கும் ஒயர் வச்சு ஒரு நொடி பேட்டரி கரண்ட் குடுங்க, அழுத்தம் இன்டேக்குக்குள்ள போயிடும். ஒயர மொதல்ல வால்வுல மாட்டிட்டு கடைசி முனைய பேட்டரியில தொடுங்க, பொறி பெட்ரோல் பக்கத்துல வரக்கூடாது. அப்புறமும் முதல் ஹோஸ கழட்டும்போது துணிய சுத்திக்கோங்க, கண்ணுக்கு கண்ணாடி போடுங்க.

கேள்வி (ஃபீனிக்ஸ்): பம்ப்ப நேரா இக்னிஷன்ல கனெக்ட் பண்ணிட்டேன், ஸ்டார்ட்டிங் நல்லா இருக்கு. ஓகேவா?

இல்ல. தயவுசெஞ்சு பழையபடி மாத்துங்க. 75ல இருந்து 77 வரைக்கும் ஏர் ஃப்ளோ மீட்டருக்குள்ள ஒரு காண்டாக்ட் இருக்கு, இன்ஜின் காத்து இழுத்தாதான் பம்ப் ஓடும், 78ல ஆயில் பிரஷரும் ஆல்டர்னேட்டரும் பாத்து ஓடும். எங்கயாவது மோதி இன்ஜின் நின்னா பம்ப்பும் நிக்கணும்கிறதுக்காக வச்சது. நீங்க செஞ்சதுல வண்டி கவுந்து கிடந்தாலும் பம்ப் அறுந்த ஹோஸ் வழியா பெட்ரோல கொட்டிக்கிட்டே இருக்கும். ஸ்டார்ட்டிங் கோளாறுக்கு அந்த காண்டாக்ட்ட சுத்தம் பண்ணுங்க.

கேள்வி (ஆஸ்டின்): ஆர்7 36 பிஎஸ்ஐக்கு ஓகேதானே?

ஹூஸ்டன்காரருக்கு சொன்னதேதான். ஆர்9.

கேள்வி (சாக்ரமென்டோ): டேங்க்குக்குள்ள ஒரு பம்ப் வைக்கப் போறேன். உள்ள ஆர்9 போடலாமா?

கூடாது, ஆர்9க்கு உள்பக்கம்தான் பெட்ரோலுக்கு தாங்கும், வெளித்தோல் ஊறி பிஞ்சிடும். முங்கி கிடக்கிறதுக்கு ஆர்10னு தனி ஹோஸ் இருக்கு, சின்ன துண்டாதான் வரும், விலை அதிகம், ஆனா வேற வழி இல்ல.

கேள்வி (சான் டியாகோ): எல்லாம் மாத்தியாச்சு அண்ணா. நேரா ஸ்டார்ட் பண்ணிடலாமா?

முதல்ல ஸ்டார்ட்டர் மோட்டார்ல இருக்கிற சின்ன எஸ் ஒயர கழட்டுங்க. இப்ப சாவிய ஸ்டார்ட் பக்கம் திருப்பி பிடிச்சா இன்ஜின் சுத்தாது, பம்ப் மட்டும் ஓடி லைன்ல அழுத்தம் ஏறும். ஒருத்தர் சாவிய பிடிக்க, நீங்க நல்ல வெளிச்சத்துல பின்னாடி பம்ப்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு மூட்டா காய்ஞ்ச டிஷ்யூ பேப்பர் வச்சு தொட்டு பாருங்க, துளி ஈரம் இருந்தாலும் பேப்பர்ல தெரிஞ்சிடும். இன்ஜெக்டர் அடியிலயும் பாருங்க. எங்கயும் ஈரம் இல்லன்னா ஒயர மாட்டி ஸ்டார்ட் பண்ணி நல்லா சூடாகுற வரைக்கும் ஐடில்ல விட்டுட்டு திரும்ப ஒருதரம் பாருங்க. ஆற விட்டு கிளாம்ப் எல்லாத்தையும் ஒரு கால் சுத்து சோதிச்சுட்டு அப்புறம் ரோட்டுக்கு எடுங்க, முதல் ஓட்டம் வீட்டு பக்கத்துலயே இருக்கட்டும், தீயணைப்பான் பக்கத்து சீட்டுல கட்டி வச்சுக்கோங்க.