ஆம்புலன்ஸுக்குள் பிளக் பாயிண்ட்: கொட்டேஷனில் என்ன பார்ப்பது?

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக்காக ஒரு வேனை ஆம்புலன்ஸாக மாற்றுகிறோம். கொட்டேஷனில் "1000 விஏ இன்வெர்ட்டர், 4 மல்டி சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, வெளியே சார்ஜிங் பாயிண்ட்" என்று மட்டும் இருக்கிறது. இது போதுமா?

பதில்: போதாது. வண்டி ஏஐஎஸ் 125 என்ற இந்திய ஆம்புலன்ஸ் விதிமுறைப்படி எந்த வகை என்று முதலில் எழுதி வாங்குங்கள். சி என்றால் அடிப்படை உயிர்காப்பு, டி என்றால் மேம்பட்ட உயிர்காப்பு. எத்தனை பாயிண்ட், எவ்வளவு லோடு என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

அடுத்து ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். பல இன்வெர்ட்டர்களில் வெளிவரும் இரண்டு ஒயர்களுக்கும் வண்டி பாடிக்கும் தொடர்பே இருக்காது. அந்த நிலையில் ஒரு கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, ஆர்சிசிபி விழாது. இன்னொரு கருவியின் எதிர் ஒயரிலும் கசிவு வந்தால்தான் ஆபத்து. அப்போது இரண்டையும் ஒரே சமயத்தில் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும், ஆர்சிசிபி அதையும் சாதாரண லோடாகவே பார்க்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் சரியாக விழும், ஏனென்றால் அதன் சுற்று உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆகவே பட்டனை நம்ப வேண்டாம்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரல் பாடியோடு சேர வேண்டும். வெளி மின்சாரத்துக்கு மாறியதும் அந்த இணைப்பு தானாக விலக வேண்டும். இதைத் தயாரிப்பாளரே அனுமதிக்கும் பியூர் சைன்வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) மாடலைக் கேளுங்கள். மலிவான இன்வெர்ட்டரில் எலக்ட்ரீஷியன் தானாக ஒரு ஒயரைப் பாடியில் சேர்த்தால் இன்வெர்ட்டரே புகைந்துவிடலாம். கருவிகளில் எலக்ட்ரானிக் சப்ளை இருப்பதால் ஆர்சிசிபி "ஏ" வகையாக இருக்கட்டும். ஓவர்லோடை அது தடுக்காது. கூடவே ஓவர்லோடில் விழும் எம்சிபி வேண்டும்.

எந்த நாட்டு பிளக்கையும் ஏற்கும் மல்டி சாக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எல்லா பின்னும் நுழையும், எதுவும் இறுக்கமாக நிற்காது, எர்த் சரியாகத் தொடாது. பிளக், சாக்கெட்டுகளுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1293 முத்திரையுள்ள, ஷட்டர் வைத்த 6 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட் போதும். ஆக்சிஜன் அவுட்லெட்டுக்கு எதிர்ப்பக்கச் சுவரில், ஸ்ட்ரெச்சர் மட்டத்துக்கு மேலே பொருத்தச் சொல்லுங்கள். ஒயர் மல்டி ஸ்ட்ராண்ட் செம்பாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி ஒயர் வண்டியின் அதிர்வில் முறியும். தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையம் கட்டாயம்.

1000 வாட் லோடுக்கு 12 வோல்ட் பக்கம் ஏறத்தாழ 100 ஆம்பியர் ஓடும். அந்த கேபிள் 35 ஸ்குயர் எம்எம்முக்குக் குறையக் கூடாது. ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்க வேண்டும்.

வெளியே உள்ள சார்ஜிங் பாயிண்ட், துளைகளுக்குப் பதிலாகப் பின்கள் கொண்ட இன்லெட்டாக இருக்கட்டும். சாதாரண சாக்கெட் வைத்தால், இரு முனையிலும் பின் வைத்த ஒயரை யாராவது தயாரித்து விடுவார்கள். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனை கையில் கரண்டோடு நிற்கும். ஐரோப்பாவின் ஆம்புலன்ஸ் தரவிதியான ஈஎன் 1789 போல, ஒயர் செருகியிருக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத ஏற்பாட்டையும் கேளுங்கள்.

டெலிவரி எடுக்கும்போது எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 15 வாட் குண்டு பல்பைத் தொடச் செய்யுங்கள். சுமார் 65 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆர்சிசிபி உடனே விழ வேண்டும். இன்வெர்ட்டரிலும் வெளி மின்சாரத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு முழு லோடில் அரை மணி நேரம் ஓட்டி, பேட்டரி கேபிளின் லக்குகள் (முனையில் உள்ள உலோக இணைப்புகள்) சூடேறுகின்றனவா என்று பாருங்கள். அது முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.