கலப்புக் கற்றல் மாணவர்களைத் தாமாகச் சிந்திக்க வைக்குமா?

கலப்புக் கற்றல் என்றால், பாடத்தின் ஒரு பகுதியை இணையம் வழியாகவும் மீதியை வகுப்பில் நேரிலும் கற்பது. அதற்காகப் பாடத்தை வீட்டில் வீடியோவில் பார்க்கச் சொன்னால் மட்டும் மாணவர்கள் தாமாகச் சிந்திக்கத் தொடங்கிவிடுவார்களா என்பது கேள்வி. மாட்டார்கள். மிச்சமாகும் வகுப்பு நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறையைப் பாருங்கள். பாடத்தை மாணவர்கள் முன்பே படித்து வர வேண்டும். வகுப்பில் கேள்விதான்: நடுவில் துளையுள்ள உலோகத் தட்டைச் சூடாக்கினால் துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? (பெரிதாகும்.) முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடையைப் பதிவு செய்வார்கள். அப்புறம் வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரிடம் காரணம் சொல்லி வாதாடிவிட்டு, மறுபடி பதிவு செய்வார்கள்.

அந்த முதல் தனி விடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தானே ஒரு முடிவெடுத்தவருக்குத்தான் வாதாட ஏதாவது இருக்கும்.

வீடியோ சின்னதாக இருந்தால் போதும். பார்த்ததும் எங்கே புரியவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வகுப்பை அந்த வரிகளிலிருந்தே தொடங்குங்கள்.