தனியாகப் பறக்கும்போது ரேடியோ வேலை செய்யாவிட்டால் மாணவ விமானி என்ன செய்ய வேண்டும்?

முதலில் விமானத்தை ஓட்டுங்கள். ரேடியோ போனதால் என்ஜின் நின்றுவிடாது. உயரம், வேகம் இரண்டிலும் கண் இருக்கட்டும்.

செஸ்னா 172 போன்ற சிறிய பயிற்சி விமானங்களில் பல நேரம் கோளாறு அற்பமானதுதான். ஹெட்செட் பிளக் பாதி கழன்றிருக்கும், வால்யூம் குறைந்திருக்கும், அலைவரிசையில் ஒரு எண் மாறியிருக்கும். பேசும் பட்டன் அமுங்கியபடியே சிக்கியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சிக்கியிருந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாராலும் ஒழுங்காகப் பேச முடியாது. மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரையும் பாருங்கள், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போயிருந்தால் ரேடியோ வெறும் தொடக்கம்தான், மற்ற மின்கருவிகளும் நின்றுவிடலாம்.

சரியாகவில்லையா? ராடாருக்கு விமானத்தின் குறியீட்டை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில், ரேடியோ பழுது என்பதற்கான 7600 எண்ணைப் போடுங்கள். உங்களுக்குக் கேட்காவிட்டாலும் உங்கள் குரல் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் மற்ற விமானிகளுக்கும் கேட்கலாம். அதனால் எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே வாருங்கள்.

விமான நிலையத்தில் கட்டுப்பாட்டு டவர் இருந்தால் அங்கிருந்து விளக்கு காட்டுவார்கள். அணையாத பச்சை என்றால் இறங்கலாம். விட்டுவிட்டு எரியும் பச்சை, இறங்குவதற்காகத் திரும்பி வரச் சொல்கிறது. அணையாத சிவப்புக்கு மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். விட்டுவிட்டு எரியும் சிவப்பு வந்தால் தளம் பாதுகாப்பாக இல்லை, இறங்கக் கூடாது. பதற்றத்தில் மனப்பாடம் கைகொடுக்காது. இந்த நான்கையும் எழுதி தொடையில் கட்டிக்கொள்ளும் குறிப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள். விளக்கைப் பார்த்துவிட்டதைத் தெரிவிக்கப் பகலில் இறக்கையை ஆட்டுங்கள், இரவில் லேண்டிங் லைட்டை இரண்டு முறை போட்டு அணையுங்கள்.