பாறை மீன் ஏன் தூண்டில் நூலை அறுத்துக்கொண்டு போகிறது?

நண்பரே, அந்தமானின் ஹேவ்லாக்கில் வாடகைப் படகில் போனபோது பாப்பரை (நீர்ப்பரப்பில் தெறிக்கும் செயற்கை இரை) கடித்த ஜிடி பாறை (ஜயன்ட் டிரெவல்லி மீன்) எல்லாமே நூலை அறுத்துக்கொண்டு போனதால், பிஇ 8 தடிமன் பிரெய்டு (பின்னல் நூல்) போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அது தாராளமாகப் போதும். திரும்பி வந்த நூலின் நுனியைப் பாருங்கள். அறுபடாமல் சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் பவளத்தில் உரசியிருக்கிறது.

முடிச்சு என்றால், பிரெய்டை லீடரோடு (இரைக்கு முன்னால் வரும் தடித்த நூல்) இணைக்கும் எஃப்ஜி முடிச்சைப் புதிதாகப் போடுங்கள். 20 சுற்று, எச்சில் தடவி, கையுறை மாட்டிக்கொண்டு முழு பலத்தோடு இறுக்குங்கள். பிரெய்டு நிறம் அடர்ந்து லீடருக்குள் பதிய வேண்டும். பதியாத முடிச்சு வீசும்போது தாங்கும், மீன் இழுத்ததும் வழுக்கிவிடும்.

பவளம் என்றால் டிராக்தான் (மீன் இழுக்கும்போது நூல் ஓடாமல் தடுக்கும் ரீலின் பிரேக்) தளர்வு. கையால் இழுத்துப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கைத்தராசை மாட்டி 10 கிலோவுக்கு வையுங்கள். கடித்ததும் பாறை பவளத்திட்டுக்குள்தான் பாயும், முதல் சில வினாடிகளில் விட்டால் போச்சு. லீடர் 170 பவுண்டு நைலான், 2 மீட்டர். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு விரலால் தடவுங்கள், சொரசொரத்தால் மாற்றிவிடுங்கள். மீன் மாட்டியதும் படகை ஆழத்துப் பக்கம் எடுக்கும்படி ஓட்டுநரிடம் கிளம்பும்போதே சொல்லிவையுங்கள்.

மும்முனைக் கொக்கி தயவுசெய்து வேண்டாம். நுனியின் எதிர்முள்ளை நசுக்கிய ஒற்றைக் கொக்கி போட்டால் சட்டென்று கழற்றி உயிரோடு விடலாம்.