28 பவுண்டு யாருக்கு?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓராண்டாக இறகுப்பந்து பழகுகிறாள். புதுச்சேரியில் ஒரு கடையில் அவளுடைய மட்டைக்கு மெல்லிய நரம்பை 28 பவுண்டு டென்ஷனில் (இழுத்துக் கட்டும் இறுக்கத்தில்) கட்டித் தந்தார்கள். மூன்றே வாரத்தில் அறுந்துவிட்டது. முழங்கையும் வலிக்கிறது என்கிறாள். இதைவிட விலை கூடிய நரம்பு வாங்க வேண்டுமா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். முதலில் முழங்கையைக் கவனியுங்கள். வலி தீரும்வரை ஆட்டத்தை நிறுத்தி, தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நரம்பை இறுக்கிக் கட்டினால் அடியில் வேகம் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. தளர்வான நரம்புதான் பந்தை நன்கு உந்தித் தள்ளும். அதில் பந்து சரியாகப் படும் பரப்பும் பெரிது. இறுக்கம் கூடக்கூட அந்தப் பரப்பு சுருங்கும், கட்டுப்பாடு கூடும், ஆனால் வேகத்தை ஆடுபவரின் கையே தர வேண்டியிருக்கும். பல்லாண்டுப் பயிற்சியால் மணிக்கட்டு உரமேறிய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு 28 பவுண்டும் அதற்கு மேலும் பொருந்துகிறது. ஓராண்டு பழகிய பிள்ளைக்கு அது சுமை. நடுவில் படாத ஒவ்வோர் அடியின் அதிர்வும் கையில்தான் இறங்கும். உங்கள் மகளுக்கு 21 முதல் 23 பவுண்டு போதும் என்பதே என் உறுதியான கருத்து.

நரம்பின் தடிப்பும் முக்கியம். யோனெக்ஸ் நிறுவனத்தின் பிஜி 65 நரம்பு 0.70 மில்லிமீட்டர், பிஜி 66 அல்டிமாக்ஸ் 0.65 மில்லிமீட்டர். மெல்லியது நல்ல ஒலியும் துள்ளலும் தரும், ஆனால் விரைவில் அறும். பழகும் காலத்தில் 0.70 தடிப்பே சிக்கனம்.

அறுந்த இடத்தையும் பாருங்கள். நடுவில் அறுந்திருந்தால் பெரும்பாலும் தேய்மானம். மட்டையின் விளிம்புச் சட்டத்தை ஒட்டி அறுந்திருந்தால், அடி தவறிப் பட்டிருக்கலாம், அல்லது நரம்பு நுழையும் துளையிலுள்ள பிளாஸ்டிக் குழல் உடைந்திருக்கலாம். குழலை மாற்றாமல் எந்த நரம்பைக் கட்டினாலும் மீண்டும் அறும்.

கைப்பிடிக்குச் சற்று மேலே, மட்டை தாங்கும் டென்ஷன் அளவு பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் அதை மீறிக் கட்டியிருந்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம். அதற்கு அவரிடம் விளக்கமும் ஈடும் கேட்பது நியாயமே. அவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த முறை நரம்பின் பெயரையும் டென்ஷனையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அறுந்த நரம்பு இன்னும் மட்டையில் இருந்தால் மற்ற இழைகளையும் இன்றே கத்தரித்து எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் சட்டம் கோணிவிடும்.